'வேண்டாம்' என்று சொன்ன நடிகை

நடிகை ஒருவரைப் பற்றிய கட்டுரைக்குப் பள்ளி மலரில் என்ன வேலை என்று பெற்றோருள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. இதைப் போன்ற ஒரு கேள்வியை அந்த நடிகையின் தாயே கேட்டார். கேட்டதோடு நில்லாமல் மகளை வீட்டை விட்டு வெளியேறும்படியும் சொல்லிவிட்டார். அந்தத் தாயின் அச்சத்திற்கு மகள் தம் தொழிலின் மூலம் அளித்த விடை என்ன என்பதையே இக்கட்டுரையில் நாம் காண இருக்கிறோம்.

அவர் பெயர் சிசிலி டைசன். அமெரிக்க நாட்டின் கருப்பின நடிகை. 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் பிறந்து, 2021-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் தமது 96-ஆம் வயதில் மறைந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் மேடையிலும், திரைப்படத்திலும், தொலைக்காட்சியிலும் நடித்தார். நடிகர் ஒருவரின் வரலாற்றை எழுதுவோர் அவர் நடித்த படங்களை வரிசைப்படுத்துவது வழக்கம். டைசனின் வரலாற்றை எழுதும்போது அவர் நடிக்க மறுத்தவற்றையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

பிறப்பும் வளர்ப்பும்

டைசனின் பெற்றோர் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான நெவிஸ் என்னும் சிறு தீவிலிருந்து பிழைப்புத் தேடி நியூயார்க் நகருக்கு வந்தவர்கள். தந்தையார் தச்சு வேலையும் வண்ணம் பூசும் வேலையும் செய்தார். தாயார் பிறர் வீடுகளில் வேலை பார்த்தார். கருப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த ஹார்லம் பகுதியின் கிழக்குப் புறத்தில் சிசிலி வளர்ந்தார். பெற்றோர் பிரிந்த பின் தாயின் பொறுப்பில் வாழ்ந்தார். வறுமை எப்போதும் வாசலில் நின்றது. ஒன்பது வயதிலேயே தெருவில் நின்று கடைப் பைகள் விற்றுக் குடும்பத்திற்கு உதவினார்.

தாயார் மிகுந்த இறைப்பற்று உடையவர். குழந்தைகளின் ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்ல, வார நாட்களின் மாலைப் பொழுதும் பெரும்பாலும் ஆலயத்திலேயே கழிந்தது. சிசிலி ஆலயப் பாடற் குழுவில் பாடினார். பியானோவும் ஆர்கனும் வாசித்தார். திரைப்படம் பார்ப்பதற்கோ வீட்டில் அனுமதி இல்லை. அது பாவத்தின் வாசல் என்பது தாயின் உறுதியான எண்ணம். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசும் பெண்ணாக இருந்த சிசிலி, பின்னாளில் கோடிக்கணக்கானவர் முன் நிற்கப் போகிறார் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

தட்டச்சுப் பொறியிலிருந்து மேடைக்கு

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. நிலையான வேலை, மாதச் சம்பளம். ஏழைக் குடும்பத்திற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆயினும் நாள் முழுவதும் விசைகளைத் தட்டிக்கொண்டிருப்பதற்காகவா இறைவன் தம்மைப் படைத்தார் என்ற ஏக்கம் அவர் உள்ளத்தில் எழுந்தது. ஒரு நாள் அதை வாய்விட்டுச் சொல்லியே விட்டார்; வேலையையும் விட்டார். ஆடை விளம்பரங்களுக்கு உருவம் கொடுக்கும் பணியில் முதலில் சேர்ந்து, 1950-களின் நடுவில் நடிப்புப் பயிற்சிக்குத் திரும்பினார்.

செய்தி அறிந்த தாய் இடிந்துபோனார். நடிப்புத் தொழிலில் இறங்குவதாயின் இந்த வீட்டில் இடமில்லை என்றார். மகளும் வெளியேறினார். நெடுநாள் பேச்சு வார்த்தையே இல்லை. பின்னர் மகள் நடித்த நாடகத்தைக் காணத் தாயே வந்தார், கண்டார், பெருமிதம் கொண்டார். உறவு மீண்டும் மலர்ந்தது.

இந்த நிகழ்ச்சியை மாணவியர் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. பெற்றோர் சொல் கேளாதவள் வென்றாள் என்பதல்ல இதன் பொருள். தாய் அஞ்சியதில் உண்மை இருந்தது. அன்றைய திரையுலகம் கருப்பினப் பெண்ணுக்கு மரியாதையான இடம் எதையும் வைத்திருக்கவில்லை. அவள் சமையற்காரியாக வருவாள், கோமாளியாக வருவாள், ஒழுக்கம் கெட்டவளாக வருவாள். அந்த இடங்களில் தம் மகளைக் காணத் தாய் விரும்பவில்லை. மகளும் விரும்பவில்லை என்பதைத் தாய் அறியக் காலம் பிடித்தது.

சின்னத்திரையில் ஒரு புதுமை

1963-ஆம் ஆண்டு 'ஈஸ்ட் சைட், வெஸ்ட் சைட்' என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. நியூயார்க் நகரச் சேரிப் பகுதிகளில் பணியாற்றும் ஒரு சமூகப் பணியாளரைப் பற்றிய கதை அது. அவருடைய அலுவலகச் செயலாளர் ஜேன் ஃபாஸ்டராக டைசன் நடித்தார். கருப்பினப் பெண் ஒருவர் படித்தவராக, பொறுப்பான அலுவலராக, வாரந்தோறும் ஒரு தொடர் நாடகத்தில் தோன்றியது அந்நாட்டில் அதுவே முதல் முறை.

இன்னொரு புதுமையும் இருந்தது. அக்காலத்தில் கருப்பினப் பெண்கள் தங்கள் சுருள் முடியைச் சூடாக்கிய சீப்பாலும் இரசாயனக் கலவைகளாலும் நேராக்கிக்கொள்வார்கள். வெள்ளையரின் கூந்தலைப் போல் இருந்தால்தான் அழகு என்பது எல்லாரும் ஏற்றுக்கொண்ட விதி. டைசன் அதற்கு முன் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் ஆப்பிரிக்கப் பெண்ணாக நடித்தபோது, பாத்திரத்திற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று தம் முடியைக் குட்டையாக வெட்டி இயல்பான சுருளோடு விட்டிருந்தார். இந்தத் தொடரிலும் அதே கோலத்தோடு தோன்றினார். தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருந்த எத்தனையோ கருப்பினச் சிறுமியர், தங்கள் தலையில் இருப்பது போன்ற முடியை முதன்முறையாகத் திரையில் கண்டார்கள். இறைவன் கொடுத்த தோற்றத்தை மறைக்காமல் நிமிர்ந்து நிற்கலாம் என்ற பாடத்தை அவர் வாயால் போதிக்கவில்லை, கண்ணுக்குக் காட்டினார்.

அந்தத் தொடர் ஓர் ஆண்டோடு, 26 பகுதிகளோடு நின்றது. ஆனால் திறந்த கதவு திறந்தபடியே இருந்தது.

காத்திருந்த ஆண்டுகள்

1968-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்திற்குப் பின், 1972 வரை டைசன் நடித்த படம் எதுவும் வெளிவரவில்லை. வாய்ப்பு வராமல் இல்லை. போதைக்கு அடிமையானவள், விலைமகள், திருடி என்று வரிசையாக வந்தன. 1970-களின் தொடக்கத்தில் கருப்பினத்தவரை வன்முறைக்காரராகவும் ஒழுக்கமற்றவராகவும் காட்டிக் காசு சேர்த்த படங்கள் அமெரிக்காவில் பெருகின. அவற்றில் நடித்தோருக்கு நல்ல பணம் கிடைத்தது. டைசன் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு 'வேண்டாம்' என்றார். தொலைக்காட்சியில் இடையிடையே கிடைத்த சிறு வேடங்களைக் கொண்டு வாழ்க்கையை நடத்தினார்.

ஒரு முறை 'வேண்டாம்' என்று சொல்வது எளிது. கையில் பணம் குறையும்போது, உடன் தொடங்கியவர்கள் முன்னேறும்போது, இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் சொல்வதுதான் கடினம்.

1972-இல் 'சவுண்டர்' என்ற படம் வந்தது. லூயிசியானா மாநிலத்தில் 1933-ஆம் ஆண்டு நடக்கும் கதை. நிலம் இல்லாமல், விளைச்சலில் பெரும்பங்கை நிலக்காரருக்குக் கொடுத்து வாரத்துக்குப் பயிரிடும் ஒரு கருப்பினக் குடும்பம். பசியால் வாடும் பிள்ளைகளுக்காகத் தந்தை இறைச்சி திருடிச் சிறை செல்கிறார். தாய் ரெபேக்கா தனியே நின்று நிலத்தை உழுது, பிள்ளைகளைக் காத்து, மூத்த மகனைப் பள்ளிக்கு அனுப்புகிறார். டைசனுக்கு முதலில் அப்படத்தில் ஆசிரியை வேடமே தர எண்ணினார்கள். அவர் உள்ளமோ ரெபேக்காவையே நாடியது. இறுதியில் அதுவே கிடைத்தது. கணவன் சிறையிலிருந்து நொண்டியபடி திரும்பி வருவதைத் தொலைவில் கண்டு, நம்ப முடியாமல் நின்று, பிறகு கைகளை விரித்துக்கொண்டு ஓடும் காட்சியை அப்படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் போட்டிப் பட்டியலில் அவர் பெயர் இடம் பெற்றது.

ஒரு கேள்வியும் ஒரு முடிவும்

'சவுண்டர்' படத்தைப் பற்றிப் பேச டைசன் பல ஊர்களுக்குச் சென்றார். அப்படி ஒரு கூட்டத்தில் நடந்ததைப் பிற்காலப் பேட்டிகளில் அவர் பல முறை நினைவு கூர்ந்திருக்கிறார். வெள்ளையர் ஒருவர் எழுந்து, இப்படத்தைப் பார்த்த பிறகுதான் தம்மிடமும் இன வேற்றுமை உணர்வு இருப்பதை அறிந்ததாகச் சொன்னார். காரணம் கேட்டபோது, அந்தச் சிறுவன் தன் தந்தையை 'டாடி' என்று அழைப்பதை ஏனோ தம்மால் ஏற்க முடியவில்லை என்றார். உங்கள் பிள்ளைகள் உங்களை எப்படி அழைக்கிறார்கள் என்று டைசன் கேட்டார். அதே சொல்லால்தான் என்பது பதில்.

அம்மனிதர் கொடியவர் அல்லர். தம் குறையைத் தாமே எழுந்து சொன்ன நேர்மை அவரிடம் இருந்தது. ஆனால் கருப்பினத்தவர் வீட்டிலும் ஒரு தந்தை உண்டு, அவரிடம் பாசம் கொண்ட மகன் உண்டு என்பதே அவருக்குப் புதிய செய்தியாக இருந்தது. அவர் அதுவரை பார்த்த படங்கள் அதை அவருக்குக் காட்டியிருக்கவில்லை. வெறும் நடிகையாக இருந்தால் போதாது, தம் நடிப்பைக் கொண்டு சொல்ல வேண்டியவை உள்ளன என்று டைசன் முடிவு செய்தது அப்போதுதான்.

நூற்றுப் பத்து வயது மூதாட்டி

1974-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் 'மிஸ் ஜேன் பிட்மனின் தன்வரலாறு' என்ற தொலைக்காட்சிப் படம் ஒளிபரப்பாயிற்று. பெயரில் தன்வரலாறு என்று இருந்தாலும் இது எர்னஸ்ட் கெய்ன்ஸ் என்ற எழுத்தாளர் 1971-இல் வெளியிட்ட புதினம். அடிமையாகப் பிறந்த ஒரு பெண், அடிமை முறை ஒழிவதையும் கண்டு, உரிமைப் போராட்டம் எழும் 1962 வரை வாழ்ந்து, தம் கதையைத் தாமே சொல்லுகிறார்.

இளம் பெண்ணாகவும், நடுவயதினராகவும், 110 வயது மூதாட்டியாகவும் டைசன் ஒருவரே நடித்தார். முதுமைத் தோற்றத்திற்கு ஒப்பனை செய்யவே பல மணி நேரம் ஆயிற்று. ஆனால் ஒப்பனை முகத்தைத்தான் மாற்றும். நடையை, மூச்சை, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் வரும் தயக்கத்தை நடிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக அவர் முதியோர் இல்லங்களுக்குச் சென்று, அங்கிருந்த மூதாட்டியரோடு அமர்ந்து, அவர்கள் எழுவதையும் நடப்பதையும் பேசுவதையும் கவனித்துக் கற்றார்.

இறுதிக் காட்சியை மட்டும் சொல்லுகிறோம். அவ்வூர் நீதிமன்றத்தின் முன் ஒரு குடிநீர்க் குழாய். வெள்ளையருக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. மூதாட்டி தம் பிள்ளை போல் கருதிய இளைஞன் ஒருவன் உரிமைக்காகப் போராடி உயிர் இழந்துவிட்டான். காவலர் பார்த்து நிற்கிறார்கள். 110 வயதான அம்மையார் கைத்தடியை ஊன்றித் தனியே, மெல்ல மெல்ல நடந்து சென்று, அந்தக் குழாயில் குனிந்து தண்ணீர் குடிக்கிறார். திரும்பி நடக்கிறார். அவ்வளவுதான். ஆனால் ஒரு மக்களினத்தின் நூறாண்டுத் தாகம் அந்த ஒரு மிடறில் தெரிகிறது.

இந்நடிப்பிற்கு அவருக்கு எம்மி விருதுகள் இரண்டு கிடைத்தன. தொலைக்காட்சிப் படத்தின் தலைமைப் பாத்திரத்திற்காக எம்மி பெற்ற முதல் கருப்பினப் பெண் அவரே.

இதன்பின் தொலைக்காட்சி அவருக்கு வகுப்பறை போல் ஆயிற்று. 1977-இல் எட்டு இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பாகி அமெரிக்காவையே வீட்டுக்குள் அமர வைத்த 'ரூட்ஸ்' தொடரில், அடிமையாகப் பிடித்துச் செல்லப்படும் இளைஞனின் தாயாக நடித்தார். 1978-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா கிங்காக நடித்தார். அதே ஆண்டு, 1849-இல் அடிமைத் தளையிலிருந்து தப்பி, ஏறத்தாழ 13 முறை உயிரைப் பணயம் வைத்துத் திரும்பிச் சென்று சுமார் 70 பேரை மீட்டு வந்த ஹாரியட் டப்மன் அம்மையாராகவும் நடித்தார். 1981-இல் அவர் ஏற்றது ஓர் ஆசிரியையின் பாத்திரம். படிக்க இலாயக்கற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக, ஓய்வூதியச் சேமிப்பைப் போட்டு 1975-இல் சிக்காகோ நகரில் சொந்தமாகப் பள்ளி தொடங்கிய மார்வா காலின்ஸ் அவர்.

அவர் மறுத்தது எதை?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். டைசன் ஏழையாக நடிக்க மறுத்தாரா? இல்லை, ரெபேக்கா பரம ஏழை. அடிமையாக நடிக்க மறுத்தாரா? இல்லை, ஜேன் பிட்மன் அடிமையாகப் பிறந்தவர். வேலைக்காரியாக நடிக்க மறுத்தாரா? அதுவும் இல்லை, 2011-இல் வெளிவந்த 'தி ஹெல்ப்' படத்தில் முதிய வேலைக்காரி கான்ஸ்டன்டைனாக வந்தார். அப்படியானால் எதைத்தான் மறுத்தார்?

வேலைக்காரி என்பதற்கு மேல் ஒன்றுமில்லாத வேடத்தை மறுத்தார். தாயாக, மகளாக, மனச்சான்று உள்ள மனிதப் பிறவியாக அவளைக் காட்டும் கதை என்றால் கந்தல் உடுத்தவும் தயங்கவில்லை. சிரிப்பு மூட்டுவதற்கும் அருவருப்பு ஊட்டுவதற்கும் மட்டும் ஒரு கருப்பு முகம் வேண்டும் என்றால், பட்டாடை தந்தாலும் போகவில்லை. தொழிலில் இழிவு இல்லை. மனிதரை இழிவாகக் காட்டுவதில்தான் இழிவு இருக்கிறது என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

அதே வேளையில், அவருக்கு முன் வந்தவர்களை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. ஆஸ்கார் விருது பெற்ற முதல் கருப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல். விருது பெற்ற 1940-ஆம் ஆண்டு விழாவிலேயே அவரை உடன் நடித்தவர்களோடு அமர விடாமல் தனி மேசையில் அமர வைத்தார்கள். வாழ்நாள் எல்லாம் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வேலைக்காரி வேடங்களே. மறுத்திருந்தால் அடுப்பு எரிந்திராது. அவரும் அவரைப் போன்றோரும் அந்தச் சிறு இடத்தில் நின்று திறமையைக் காட்டியதால்தான் பின்வந்தவர்க்கு 'வேண்டாம்' என்று சொல்லவும் ஓர் இடம் பிறந்தது. முன்னோர் பட்ட சிரமத்தை மதிக்கத் தெரியாதவருக்குப் புதிய பாதை போடவும் தெரியாது.

கனி தரும் முதுமை

மார்ட்டின் லூதர் கிங் 1968-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பின், ஹார்லம் பகுதிப் பிள்ளைகளுக்காக 1969-இல் நடனப் பள்ளி ஒன்று எழுந்தபோது அதற்குத் துணை நின்றவர்களுள் டைசனும் ஒருவர். நியூஜெர்சி மாநிலத்தில் ஈஸ்ட் ஆரஞ்சு நகரில் ஒரு கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரைக் கொடுத்ததோடு ஒதுங்கிவிடாமல், அங்கே சென்று மாணவ மாணவியரோடு பழகுவது அவர் வழக்கம்.

1985-இல் 'தி டிரிப் டு பவுண்டிஃபுல்' என்ற படத்தைப் பார்த்தார். சாவதற்கு முன் பிறந்த ஊரை ஒரு முறை பார்த்துவிட ஏங்கும் மூதாட்டியின் கதை. இப்படி ஒரு பாத்திரம் தமக்கு வேண்டும் என்று அன்றே சொன்னார். 28 ஆண்டுகள் சென்றன. 2013-இல் அதே கதை நியூயார்க் மேடையில் நாடகமாக நடந்தபோது மூதாட்டி அவரே. அப்போது அவருக்கு வயது 88. நாடகத்தில் அவர் ஒரு ஞானப் பாடலைப் பாடும் கட்டத்தில், அவையில் இருந்தோரும் தம்மை மறந்து சேர்ந்து பாடினார்கள். சிறு வயதில் ஆலயப் பாடற் குழுவில் தொடங்கிய குரல் அது. அவ்வாண்டின் சிறந்த நாடக நடிகைக்கான டோனி விருது அவரை வந்தடைந்தது.

2016-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா அந்நாட்டின் உயர்ந்த குடிமைச் சிறப்பான சுதந்திரப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தார். 2018-இல் அவருடைய வாழ்நாள் பணிக்காகச் சிறப்பு ஆஸ்கார் வழங்கப்பட்டது. தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்து, அந்நூல் 2021-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் வெளிவந்த இரண்டாம் நாள் கண் மூடினார்.

நம்மை நாமே கேட்போம்

மாணவியரே, நம்முள் பலர் நடிகையர் ஆகப் போவதில்லை. ஆனால் பிறர் நமக்கு ஒரு வேடத்தைக் கொடுப்பதும், அதை நாம் ஏற்பதோ மறுப்பதோ எல்லார் வாழ்விலும் உண்டு. 'இவள் கணக்குக்கு ஆகமாட்டாள்', 'இவளுக்கு நாலு பேர் முன் பேச வராது', 'இந்த நிறத்துக்கு இந்த ஆடையா' என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். நாமும் அதுதான் நம் வேடம் என்று எண்ணி அப்படியே நடிக்கத் தொடங்கிவிடுகிறோம். பணிவாக, ஆனால் உறுதியாக, 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய இடம் அதுவே. சொன்ன பிறகு சும்மா இருந்துவிடலாகாது. டைசன் முதியோர் இல்லங்களில் அமர்ந்து கற்றது போல் உழைக்கவும் வேண்டும். உழைப்பில்லாத மறுப்பு வெறும் பிடிவாதம்.

ஆசிரியைகளாகிய நாங்களும் ஓர் ஆன்ம சோதனை செய்துகொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு நாடகம் போடுகிறோம். தேவமாதா யார், சம்மனசுகள் யார், ஏரோதின் சேவகர் யார் என்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பிரிக்கிறோம். அப்போது எங்கள் கண் முதலில் பார்த்தது பிள்ளையின் குரலையா, ஆர்வத்தையா, அல்லது முகத்தின் நிறத்தையா? ஒவ்வோர் ஆண்டும் ஒரே விதமான முகத்தையே சம்மனசாக நிறுத்தினால், மற்றப் பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொள்வது என்ன? எந்த மறைக்கல்வி வகுப்பாலும் திருத்த முடியாத பாடம் அது. இதை எழுதும்போது எங்கள் நெஞ்சு குறுகுறுக்கிறது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. இவ்வாண்டு நாடகத்தில் அதைத் திருத்திக்கொள்வோம்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். டைசனின் தாய் அஞ்சியது போல் அஞ்சுவது அன்பின் அடையாளமே. அதோடு, அந்தத் தாய் பின்னர் செய்தது போல், ஒரு நாள் அவையில் வந்து அமர்ந்து பிள்ளை என்ன செய்கிறாள் என்று பார்க்கவும் மனம் வர வேண்டும்.

தாலந்து உவமையை நாம் அனைவரும் அறிவோம். தாலந்தைப் புதைத்து வைத்தவனைத் தலைவர் கடிந்துகொண்டார். சிசிலி டைசன் தம்மிடம் கொடுக்கப்பட்ட தாலந்தைப் புதைக்கவும் இல்லை, மலிவாக விற்கவும் இல்லை. தக்க இடத்தில் அதைச் செலவிடத் தொண்ணூறு வயது வரையிலும் பொறுமையோடு காத்திருந்தார்.